கிலோ கணக்கில் குளோரின் கொட்டியும் பாசி போகலையா? நீச்சல் குளத்தில் நடக்கும் தப்பு இதுதான்!

ஈ.சி.ஆர் வீக்எண்ட் வீடு, பொள்ளாச்சி தோப்புக்கு நடுவே பண்ணை வீடு என நீச்சல் குளம் வைத்திருப்பவர்கள் இப்போது நிறைய. வெயில் காலத்தில் பத்து நாள் கண்டுக்காம விட்டால் போதும், தண்ணீர் கீரை மசியல் கலருக்கு வந்துடும். உடனே மொத்தத்தையும் இறைச்சுக் கொட்டிடாதீங்க. 50,000 லிட்டர் குளம் என்றால், 12,000 லிட்டர் லாரி நாலு வந்தும் நிறையாது. சுவரில் ஒட்டிய பாசி புதுத் தண்ணியிலும் தழைக்கும்.

குளோரின் போட்டும் ஏன் போகலை? பெரும்பாலும் வில்லன் பி.ஹெச். அது 7.5-ல் இருந்தால் போட்ட குளோரினில் ஏறக்குறைய பாதிதான் பாசியைக் கொல்லும் வீரியத்தோடு இருக்கும். 8-ஐத் தாண்டினால் கால் பங்குகூட தேறாது. டெஸ்ட் கிட்டில் பார்த்து, 7.2 - 7.4-க்குள் கொண்டுவந்த பிறகுதான் குளோரின் டப்பாவைத் திறக்கணும்.

எப்பவும் மிதக்கும் குளோரின் மாத்திரை போடுறவங்களுக்கு இன்னொரு சிக்கல். அதிலுள்ள சயனூரிக் அமிலம் குளோரினை வெயிலிலிருந்து காப்பாற்றும்; ஆனால் ஆவியாகாமல் சேர்ந்துகிட்டே போகும். 100 பி.பி.எம்-ஐத் தாண்டினால் குளோரின் மந்தமாகிடும். இந்த ஒரு கேஸில் மட்டும் பாதித் தண்ணியை மாற்றுவது சரி.

அடுத்து, பிரஷ். பாசி தன்மேல் வழவழப்பான படலம் போட்டுக்கொள்வதால், தேய்க்காமல் மருந்து உள்ளே போகாது. சிமென்ட் சுவருக்கு ஸ்டீல் பிரஷ், டைல்ஸ், ஃபைபர் என்றால் நைலான். ஏணிக்குப் பின்னால், படிக்கட்டு மூலைகளை விட்டுடாதீங்க. கரும்பாசி என்றால் தினமும் தேய்க்கணும், வாரக்கணக்கில் ஆகலாம்.

சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு குளோரின். 65 - 70% வீரியமுள்ள கால்சியம் ஹைப்போகுளோரைட் குருணை என்றால் 1,000 லிட்டருக்கு 15 கிராம்; 50,000 லிட்டருக்கு 750 கிராம். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, குளத்தைச் சுற்றி ஊற்றுங்க. சாதாரண பிளீச்சிங் பவுடரில் வீரியம் பாதிதான்; அடியில் சுண்ணாம்பு வேற தங்கும். ஃபில்டர் 24 மணி நேரமும் ஓடட்டும், பிரஷர் ஏறினால் பேக்வாஷ். பச்சை போய் பால் மாதிரி கலங்கினால் பயப்படாதீங்க, பாசி செத்திருக்கு. இன்னும் பச்சையாக இருந்தால் மறுநாள் மாலை ரிப்பீட்.

உயிர் விஷயம்!

குளோரினையும் ஆசிடையும் ஒரே வாளியில் கலந்தால் விஷவாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும். குருணையும் மாத்திரையும் கலந்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் செய்யலாம். மக்குகூட தனித்தனியாக இருக்கணும். பவுடர் மேல் தண்ணி ஊற்றாதீங்க, தண்ணியில்தான் பவுடர். நிறைய வீடுகளில் இதைச் செய்வது வாட்ச்மேன் அண்ணன்தான். அவரிடம் இதைப் புரியும்படி சொல்லி, கிளவுஸும் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்க. 'அவருக்குத் தெரியும்' என்று விடுவது சரியில்லை.

குளோரின் 3 பி.பி.எம்-க்கு இறங்கி, குளத்தின் அடி பளிச்சென்று தெரியும் வரை குழந்தைகளை இறக்காதீங்க. கலங்கிய தண்ணியில் மூழ்குவது கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது.