அப்பாவுக்கு ஆஸ்துமா என்றால் பிள்ளைக்கும் வருமா?

வரும் வாய்ப்பு கூடும். ஆனால் வந்தே தீரும் என்பதில்லை.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் அழற்சியால் வீங்கிச் சுருங்குகிறது. அழற்சியைத் தூண்டும் ஐஎல்-33, டிஎஸ்எல்பி போன்ற புரதங்களுக்கான மரபணுக்கள் ஆளுக்கு ஆள் சற்று மாறுபடும். சிறுவயது ஆஸ்துமாவுக்கும் 17வது குரோமோசோமில் உள்ள மாற்றங்களுக்கும் தொடர்பு இருப்பது 2007ல் தெரியவந்தது. ஒவ்வொரு மாற்றமும் ஆபத்தைச் சிறிதளவே கூட்டும். அதனால் மரபணுப் பரிசோதனையை வைத்து ஆஸ்துமா வருமா என்று சொல்லிவிட முடியாது.

குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில், கெண்ட் ரிட்ஜில் உள்ள சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் இந்த ஆய்வுகள் நடக்கின்றன. அவற்றில் பங்கேற்றோர் பெரும்பாலும் சீனர்கள். இங்கு சீனர்களைவிட இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் ஆஸ்துமா அதிகம் என்பது 1990களிலேயே பதிவானது. அப்படியிருக்க, இது பெரிய குறைதான்.

மரபணுவை மாற்ற முடியாது, வீட்டை மாற்றலாம். மெத்தையில் வாழும் தூசிப் பூச்சி, சிகரெட் புகை, ஏன், வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகைகூட இழுப்பைத் தூண்டக்கூடும்.

நீல நிற இன்ஹேலர் மூச்சை விடுவிக்கும், அழற்சியைத் தணிக்காது. அதைத் தணிப்பது ஸ்டிராய்டு இன்ஹேலர். இழுப்பு நின்றுவிட்டது என்று மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்துவது ஆபத்து.