ஹாத்தா: குறி தவறுதல்

விவிலியத்தில் 'பாவம்' என்று நாம் வாசிக்கும் பல இடங்களில் எபிரேய மூலத்தில் இருப்பது 'ஹாத்தா' என்னும் வினையும் அதன் வழிவந்த சொற்களுமே. அடிப்பொருள், குறி தவறுதல். நியாயாதிபதிகள் 20:16இல் மயிரிழையும் பிசகாமல் கவண்கல் எறியும் 700 இடக்கை வீரரைப் பற்றிச் சொல்லும்போதும் இதே வேர்தான் வருகிறது. நீதிமொழிகள் 8:36இல் ஞானமே பேசுகிறது. அதைத் தவறவிடுபவன் (இங்கும் அதே வேர்தான்) தன் உயிருக்கே கேடு தேடிக்கொள்கிறான் என்கிறது. 51ஆம் சங்கீதத்தில் ஈசோப்புச் செடியால் தன்னைச் சுத்திகரிக்கும்படி பாடகர் கடவுளிடம் வேண்டும்போது, அந்த வேரே வடிவம் மாறி 'பாவம் நீக்கு' என்று பொருள் தருகிறது. கிரேக்கத்தில் இதற்கு இணை 'ஹமார்த்தியா'; அதன் வினையை ஹோமர் ஈட்டி குறி தப்புவதற்கு ஆண்டார். ஆகவே, அன்றாடத் தியானத்தில் 'என்ன பிழை செய்தேன்?' என்பதோடு நிறுத்தாமல், 'எதை நோக்கி வாழ்கிறேன்?' என்றும் உங்களையே கேளுங்கள்.