ஆம்பூரிலிருந்து வால்டாக்ஸ் ரோடு வரை - இசை நாடகம் பார்க்கப் போன கதை

ஆம்பூர் என்றதும் பிரியாணி, தோல், ஷூ கம்பெனி என்று வரிசையாகச் சொல்வார்கள். கொஞ்சம் வரலாறு படித்தவர்கள் 1749-ல் நடந்த ஆம்பூர் போரையும், அதில் ஆற்காடு நவாப் அன்வாருதீன் கொல்லப்பட்டதையும் சொல்வார்கள். நாடகம் என்ற சொல்லோடு எங்கள் ஊரை யாரும் சேர்த்துப் பார்த்ததில்லை. நான் இன்று சேர்த்துப் பார்க்கப் போகிறேன்.

கேள்வி ரொம்பச் சின்னது. இங்கிருந்து சென்னைக்குப் போய், ஒரு இசை நாடகத்தை முழுசாகப் பார்த்துவிட்டு, அங்கே தங்க இடம் தேடாமல் வீடு திரும்ப முடியுமா? 90 வருடங்களுக்கு முன்னால் முடிந்திருக்குமா? இன்றைக்கு முடிகிறதா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் தமிழ் நாடகத்தின் கதையில் பாதி தெரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

வாசலுக்கே வந்த கூத்து

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஆட்டமும் பாட்டும் பார்க்க எங்கள் பக்கத்து ஜனங்கள் வெளியூர் போக வேண்டிய அவசியமே இருந்ததில்லை. பழைய வட ஆற்காடு மாவட்டம் தெருக்கூத்துக்குப் பேர் போனது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி. கட்டியக்காரன் வந்து சிரிக்க வைப்பான். முகவீணையும் மிருதங்கமும் ஆர்மோனியமும் விடிய விடிய ஒலிக்கும்.

டிக்கெட் கிடையாது, நாற்காலியும் கிடையாது. ஊர் கூடிப் பணம் போட்டு நடத்தும், ஊரே உட்கார்ந்து பார்க்கும். பக்கத்துக் கிராமங்களிலிருந்து நடந்து வருகிறவர்கள் இருட்டில் வயல் வரப்பு வழியாகத் திரும்பிப் போக முடியாது. கூத்து விடியும்வரை நடந்தால் அவர்களுக்கு அது தொல்லை இல்லை, வசதி! வெளிச்சம் வந்த பிறகு எழுந்து வீட்டுக்குப் போகலாம் இல்லையா? இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ரயில் வந்தது

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தப் பாதை மேற்கே நீண்டு ஆம்பூர், வாணியம்பாடி வழியாகச் சென்று 1862-ல் மேற்குக் கடற்கரையில் உள்ள பேப்பூரைத் தொட்டது. 1873-ல் சென்ட்ரல் ஸ்டேஷன் கட்டினார்கள். நம் ஊரின் தோல் மூட்டைகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோன அதே தண்டவாளம்தான் ஆட்களையும் பட்டணத்தில் கொண்டுபோய் இறக்கியது. ஆம்பூருக்கும் சென்ட்ரலுக்கும் தூரம் சுமார் 180 கி.மீ.

அதே காலத்தில் சென்னையில் நாடகமும் உருமாறிக்கொண்டிருந்தது. பம்பாயிலிருந்து பார்சி நாடகக் கம்பெனிகள் வந்து போயின. எழுதிய திரைச்சீலை, படுதா, பளபளக்கும் உடை, மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள், டிக்கெட் வசூல் என்று எல்லாம் புதுசு. அதைப் பார்த்துத் தமிழிலும் கம்பெனிகள் கிளம்பின. கூத்தின் கதையும் பாட்டும், பார்சிக்காரர்களின் மேடையும் சேர்ந்து பிறந்த பிள்ளைதான் நமது இசை நாடகம்.

ஸ்டேஷனுக்கு இரண்டு பக்கமும்

சென்ட்ரல் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து நில்லுங்கள். கிழக்கே ஸ்டேஷனை ஒட்டிப் போவது வால்டாக்ஸ் ரோடு. வெள்ளைக்காரர்கள் ஊரைச் சுற்றி மதில் கட்டி, அதன் செலவுக்கு மக்களிடம் வரி கேட்கத் திட்டமிட்டார்கள். வரி வசூலாகவில்லை, பெயர் மட்டும் தங்கிவிட்டது! அந்த ரோட்டில்தான் புகழ்பெற்ற ஒற்றைவாடைத் தியேட்டர் இருந்தது. பெரிய கம்பெனிகள் சென்னைக்கு வந்தால் முகாம் போடும் இடம் அது.

மேற்கே கொஞ்ச தூரத்தில் சிவப்பாக நிற்பது விக்டோரியா பப்ளிக் ஹால். விக்டோரியா ராணியின் பொன்விழா நினைவாகக் கட்டியது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் தொடங்கிய சுகுண விலாச சபை இங்கே நாடகம் போட்டது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் பொழுதுபோக்காக நடித்த சபை. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்திகூட இதில் நடித்திருக்கிறார். பாட்டைக் குறைத்து வசனத்தைக் கூட்டியதும், விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கியதும் பம்மல் செய்த பெரிய மாற்றங்கள்.

ஆக, ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஒரு நாடகம், மேற்கே வேறு நாடகம். கிழக்கே பாட்டு, மேற்கே வசனம். ஆனால் எனக்கு முக்கியமாகப் படும் வித்தியாசம் நேரம்தான். சில மணி நேரத்தில் நாடகம் முடிந்தால் யாருக்கு வசதி? மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் வீடு இருப்பவர்களுக்கு. மறுநாள் காலை கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் போக வேண்டியவர்களுக்கு. நாடகம் விடியும்வரை நடந்தால் யாருக்கு வசதி? முதல் ரயில் வரும்வரை எங்காவது உட்கார்ந்திருக்க வேண்டியவனுக்கு!

கம்பெனி நாடகம் நீளமாக இருந்ததை ரசனைக் குறைவு என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூத்துக்கு நடந்து வந்த கிராமத்தானுக்கு விடியல் எப்படியோ, ரயிலில் வந்த வெளியூர்க்காரனுக்கு விடியற்கால வண்டியும் அப்படியே. சாயங்காலம் வந்து இறங்கலாம், இரவு முழுக்கப் பாட்டுக் கேட்கலாம், காலையில் வண்டி ஏறலாம். தங்கும் செலவு இல்லை. டிக்கெட் காசிலேயே ஓர் இரவுக்கு இடமும் கிடைத்துவிட்டது.

என்ன பார்த்திருப்பார்கள்?

இசை நாடகத்தின் தலைமை ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அல்லி அர்ஜுனா... சொல்லிக்கொண்டே போகலாம். அபிமன்யு சுந்தரி நாடகத்தை அவர் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அவரிடம் பிள்ளை நடிகராகப் பயின்ற டி.கே. சண்முகம் தமது சுயசரிதையில் சொல்கிறார். 1918-ல் மதுரையில் சுவாமிகள் தொடங்கிய பாலர் சபையிலிருந்தும், அதுபோன்ற மற்ற பாய்ஸ் கம்பெனிகளிலிருந்தும் ஒரு தலைமுறை நடிகர்கள் வந்தார்கள். எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். பெரும்பாலும் வறுமை காரணமாக வீட்டார் கொண்டுவந்து சேர்த்த பிள்ளைகள் இவர்கள். சாப்பாடு, பாட்டு, அடி, மூன்றும் ஒரே இடத்தில்!

சென்னையில் கன்னையா கம்பெனியின் தசாவதாரம் காட்சி ஜோடனைக்குப் பெயர் வாங்கியது. அதே கம்பெனியில் நடித்தவர் எஸ்.ஜி. கிட்டப்பா. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைவரை கேட்கும் குரல் அவருக்கு. கே.பி. சுந்தராம்பாளும் அவரும் சேர்ந்து நடித்தால் கூட்டம் தாங்காது. 1933-ல் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27தான்.

பாட்டுக்குள் ஒளிந்த அரசியல்

இத்தனை ஊர் ஆட்கள், இத்தனை சாதி ஆட்கள், ஓர் இரவு முழுக்க ஒரே கூரைக்கு அடியில். தரை, பெஞ்சு, நாற்காலி என்று காசு பிரித்து உட்கார வைத்ததே தவிர, கேட்ட பாட்டு ஒன்றுதான். இந்தக் கூட்டத்தைப் பார்த்து அரசாங்கம் பயந்ததில் ஆச்சரியம் இல்லை. வங்காளத்தில் ஆங்கிலேயரைக் கிண்டல் செய்த நாடகங்களால் கோபப்பட்டு 1876-லேயே நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் புத்தகத்தில் இருந்த அந்தச் சட்டத்தை 2018-ல்தான் நீக்கினார்கள் என்றால் நம்புவீர்களா?

சட்டத்தை மீறப் புராணக் கதையே போதுமானதாக இருந்தது. வள்ளி திருமணத்தில் வள்ளி தினைப்புனத்தில் பறவை ஓட்டும் காட்சி வரும். அங்கே வெள்ளைக் கொக்கை விரட்டும் பாட்டு ஒன்று. கொக்கு யார் என்று கூட்டத்துக்குத் தெரியும். போலீசுக்கும் தெரியும். முருகன் வேடத்தில் தேசப் பாட்டுப் பாடிப் பலமுறை சிறைக்குப் போனவர் விஸ்வநாத தாஸ். 1940 டிசம்பர் 31-ம் தேதி சென்னையில் அதே வள்ளி திருமண நாடகம் நடந்துகொண்டிருந்தபோது, முருகன் வேடத்தோடு மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

பேப்பர் படிக்கத் தெரியாத ஒருவர் அந்தப் பாட்டை மனதில் வைத்துக்கொண்டு காலை வண்டியில் ஊர் திரும்பியிருந்தால், ஊரில் அதைப் பாடிக் காட்டியிருப்பார். தோல் ஷாப்பிலோ டீக்கடையிலோ அது அன்றே பரவியிருக்கும். பட்டணத்து மேடைக்கு இருந்த பலம் அதுதான்.

பிறகு என்ன ஆயிற்று?

சினிமா வந்தது. 1931-ல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படம் காளிதாஸின் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி மேடையிலிருந்து வந்தவர். 1934-ல் பவளக்கொடி நாடகமே படமாகி எம்.கே. தியாகராஜ பாகவதரைத் திரைக்குக் கொண்டுவந்தது. அந்தக் காலப் படங்களில் 40, 50 பாட்டு இருந்ததற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். கேமராவுக்கு முன்னால் நின்றது இசை நாடகம்தான். இனிமேல் பாட்டுக் கேட்க சென்ட்ரல்வரை போக வேண்டாம், உள்ளூர்க் கொட்டகைக்குப் படப்பெட்டியே வந்துவிடும். நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் மேடை பலவீனமானது. ஒற்றைவாடையும் பின்னாளில் சினிமா தியேட்டராக மாறிப்போனது. இன்று வால்டாக்ஸ் ரோடு என்றால் சரக்கு லாரியும் பார்சல் ஆபீசும்தான் கண்ணில் படும்.

சென்னையில் மிஞ்சிய நாடகம் பெரும்பாலும் ஸ்டேஷனுக்கு மேற்கே பிறந்த சபா நாடகம். மாலை 7 மணிக்குத் தொடங்கி இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் முடிகிறது. போன வருடம் நண்பர்கள் மூன்று பேரோடு ஒரு இசை நாடகம் பார்க்க நானும் சென்னை போனேன். காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் எங்களைச் சுகமாகக் கொண்டுபோய் விட்டது. ஆபீஸ் போகிறவர்களுக்கான வண்டி அது. மாலையிலேயே திரும்பக் கிளம்பிவிடும், நாடகம் தொடங்கவே அதற்கப்புறம் ஆகும். இரவு வண்டியைப் பிடிக்கக் கடைசிக் காட்சிக்கு முன்பே நாங்கள் எழுந்து ஓட வேண்டியிருந்தது. ராஜா தப்பித்தாரா இல்லையா என்று இன்றுவரை எங்களுக்குள் வாக்குவாதம்!

யார்மீதும் குறை சொல்ல இதை எழுதவில்லை. 90 வருடத்தில் ரயிலின் வேகம் கூடியிருக்கிறது, ரோடு நாலு வழியாக அகலமாகியிருக்கிறது. ஆனாலும் என் கேள்விக்குப் பதில் தலைகீழாகிவிட்டது. அன்று வெளியூர்க்காரனால் முழு நாடகத்தையும் பார்த்துவிட்டு வர முடிந்திருக்கும், இன்று முடியவில்லை. காரணம் தூரம் இல்லை. அன்றைய நாடகம் வெளியூரிலிருந்து வருகிறவனையும் கணக்கில் வைத்து நடந்தது. இன்றைய நாடகம் பக்கத்துத் தெருக்காரரை மட்டுமே கணக்கில் வைக்கிறது.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் இன்னும் விடிய விடிய நடக்கிறது. எங்கள் பக்கம் கூத்தும் நின்றுவிடவில்லை. இரண்டும் விடியும்வரை காத்திருக்கத் தெரிந்த கலைகள். உங்கள் வீட்டில் 80 வயதைத் தாண்டிய பாட்டியோ தாத்தாவோ இருந்தால், எங்கே போய் என்ன நாடகம் பார்த்தீர்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். எப்படித் திரும்பி வந்தீர்கள் என்றும் மறக்காமல் கேளுங்கள்.