டு புவா-ரேமோனும் கிரிக்கும்: பிரக்ஞை பற்றிய இரு நிலைகள்

உயிருக்கென்று தனி விசை உண்டு, அது இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் அடங்காது என்ற நம்பிக்கையை எதிர்த்து வென்றவர்கள் இருவரும். பெர்லின் உடலியலாளர் எமில் டு புவா-ரேமோன் 1840களில் நரம்பில் ஓடும் மின்சாரத்தை அளந்தார். ஃபிரான்சிஸ் கிரிக் 1953இல் ஜேம்ஸ் வாட்சனோடு டிஎன்ஏவின் அமைப்பைக் கண்டார். பிரக்ஞை என்று வந்ததும்தான் இவர்களின் வழி பிரிகிறது.

பிரக்ஞை எப்படித் தோன்றுகிறது என்பது நமக்குத் தெரியாது, இனியும் தெரியப்போவதில்லை என்று 1872இல் லைப்சிக்கில் நடந்த ஒரு மாநாட்டில் அறிவித்தார் டு புவா-ரேமோன். உயிரின் தோற்றத்தைக்கூட அறிவியல் விளக்கிவிடும் என்று நம்பியவர் அவர் என்பதை மறக்கக் கூடாது. மூளையின் ஒவ்வொரு அணுவும் எங்கே இருக்கிறது, எப்படி நகர்கிறது என்பது முழுக்கத் தெரிந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்கின் எந்த வரியில் வலி பிறக்கிறது? இதுதான் அவர் வாதத்தின் சாரம். இதைவிடக் கூர்மையாக யாரும் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. 1990களில் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் 'கடினமான சிக்கல்' என்று பெயரிட்டதும் ஏறக்குறைய இதைத்தான்.

கிரிக் இந்தக் கேள்வியை ஒத்திவைத்தார். 1990இல் நரம்பறிவியலாளர் கிறிஸ்டோஃப் கோக்குடன் எழுதிய கட்டுரையில் பார்வையை முதலில் எடுத்துக்கொண்டார்: ஒன்றைப் பார்ப்பதாக நாம் உணரும்போது எந்த நரம்பணுக்கள் இயங்குகின்றன? 2004இல் இறக்கும்வரை அந்தத் தேடலை விடவில்லை. ஆனால் டிஎன்ஏ தந்த துணிவு இங்கே அப்படியே செல்லுபடியாகுமா? மரபு எப்படிக் கடத்தப்படுகிறது என்பது வேலை நடக்கும் விதம் பற்றிய கேள்வி. அமைப்பு தெரிந்ததும் பதிலும் கிடைத்தது. வலி ஏன் வலிக்கிறது என்பது அந்த வகையில் சேராது.

பிரக்ஞையின் நரம்புத் தடயம் 25 ஆண்டுகளுக்குள் தெளிவாகிவிடும் என்று 1998இல் சால்மர்சிடம் பந்தயம் கட்டிய கோக், 2023இல் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் கொடுத்தார். அதற்காக டு புவா-ரேமோன் வென்றுவிட்டார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விபத்துக்குப் பின் உணர்வற்றவர் என்று முடிவுகட்டப்பட்ட ஓர் இளம்பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னது நரம்பறிவியலாளர் ஏட்ரியன் ஓவனின் குழு. நலமாக இருப்பவர்களின் மூளையைப் போலவே அவர் மூளையும் இயங்கியதை ஸ்கேன் காட்டியது. 2006இல் வெளியான ஆய்வு அது. தெரியப்போவதில்லை என்று எல்லாரும் கைகட்டி நின்றிருந்தால் அவரை யார் தேடியிருப்பார்கள்?

அந்தப் பெண்ணுக்கு உணர்வு இருக்கிறது என்று ஸ்கேன் சொன்னது. மூளையின் அந்த இயக்கம் ஏன் அனுபவமாகிறது என்பதைச் சொல்லவில்லை. டு புவா-ரேமோனின் கேள்வியை அதனால் முழுதாக ஏற்கிறேன். அவர் விதித்த 'ஒருபோதும்' என்ற தடையை மட்டும் ஏற்க முடியவில்லை. அணுக்களின் நகர்வே இயற்கை பற்றிய முழு விளக்கம் என்ற 1872இன் இயந்திரவியலை வைத்து வரைந்த எல்லை அது.