கரி தந்த புற்று

1756. லண்டன். கென்ட் சாலையில் குதிரையிலிருந்து விழுந்தார் பெர்சிவல் பாட். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. விழுந்தவரே பிரபல சர்ஜன்! அசைத்தால் ஆபத்து என்று தெரியும். எனவே தெருவில் கிடந்தபடியே ஒரு கதவை விலைக்கு வாங்கி (அந்த நேரத்திலும் என்ன நிதானம்!), அதில் கிடத்தித் தூக்கிப் போகச் சொன்னார்.

வீட்டில் கூடிய டாக்டர்கள், 'காலை எடுத்துடலாம்' என்று முடிவு செய்து கருவிகளையும் தயாராக வைத்துவிட்டார்கள். கடைசி நேரத்தில் வந்தார் பாட்டின் குருநாதர் எட்வர்ட் நோர்ஸ். சோதித்துப் பார்த்துவிட்டு, 'காப்பாற்றலாம்' என்றார். கால் தப்பியது. நாம் இன்று சொல்லும் 'செகண்ட் ஒப்பீனியன்'!

பிற்பாடு இதே பாட், வேறு சிலருக்காக மாற்றுக் கருத்து சொல்ல வேண்டி வந்தது. லண்டன் வீடுகளின் குறுகலான புகைபோக்கிகளுக்குள் ஏறிக் கரியைச் சுரண்ட ஏழைச் சிறுவர்களைத்தான் அனுப்புவார்கள். சட்டைகூட இல்லாமல் ஏறுகிறவர்களும் உண்டு. குளிப்பதோ அபூர்வம். வளர்ந்த பிறகு அவர்களில் சிலருக்கு விதைப்பையின் தோலில் புண் வரும். 'பால்வினை நோய்' என்று சொல்லிப் பாதரசம் கொடுத்தார்கள் வைத்தியர்கள். பாவம், செய்யாத தப்புக்கு விஷம்!

'இல்லை. இது தோல் மடிப்பில் தங்கிய கரியால் வரும் புற்று. ஆரம்பத்திலேயே வெட்டி எடுத்தால்தான் பிழைக்க வழி' என்று 1775-ல் எழுதினார் பாட்.

1788-ல் எட்டு வயதுக்குக் குறைந்தவர்களை இந்த வேலைக்குச் சேர்க்கக்கூடாது என்று சட்டம் வந்தது. யார் மதித்தார்கள்? சிறுவர்கள் புகைபோக்கியில் ஏறுவதற்கு முடிவு கட்டிய சட்டம் வந்தது 1875-ல். பாட் எழுதி நூறு வருடம் கழித்து!