கண்ணுக்குப் புலனாகாத ஒளியும் மருத்துவமனை அறையும்

நோயாளி ஒருவர் குணமடைந்து இல்லம் திரும்பியதும் அவர் தங்கியிருந்த அறை தூய்மை செய்யப்படுகிறது. விரிப்புகள் மாற்றப்படுகின்றன, தரை துடைக்கப்படுகிறது. ஆயினும் கட்டிலின் கம்பியிலும் கதவின் கைப்பிடியிலும் எஞ்சிய கிருமிகள் அடுத்து அங்கே படுப்பவரைப் பற்றிக்கொள்வதுண்டு. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவிட்ட இக்காலத்தில் இதனைச் சிறிய செய்தியெனத் தள்ளிவிட இயலாது. இக்கேட்டினைத் தடுக்க ஒளியையே கருவியாக்கிய முயற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு.

1801இல் ஜெர்மனியின் யேனா நகரில் யோகான் வில்லெம் ரிட்டர் என்னும் அறிஞர், முப்பட்டகம் பிரித்துக் காட்டிய ஞாயிற்றொளியை ஆராய்ந்தார். ஊதா நிறத்திற்கும் அப்பால், கண்ணுக்கு எதுவும் தோன்றாத இடத்தில், வெள்ளிக் குளோரைடு விரைந்து கறுப்பதைக் கண்டார். புற ஊதாக் கதிர் இங்ஙனம் அறியப்பட்டது. ஒளி கிருமியை ஒடுக்கும் என்பது தெளிவாக மேலும் முக்கால் நூற்றாண்டு கழிந்தது. 1877இல் இங்கிலாந்தில் டௌன்ஸ், பிளண்ட் என்னும் இருவர் கரைசல் நிரம்பிய சோதனைக் குழாய்களுள் சிலவற்றை வெயிலில் வைத்தனர். வேறு சிலவற்றை ஈயத் தகட்டால் மூடி அருகிலேயே வைத்தனர். மூடியவை கிருமி பெருகிக் கலங்கின. வெயில் பட்டவை தெளிவாகவே நின்றன. ஆய்வு என்பது விலையுயர்ந்த கருவியைப் பொறுத்ததன்று என்று மாணவர்க்கு உணர்த்த இதனினும் நல்ல சான்று கிடைப்பதரிது.

வெயிலைவிட வலிய கருவியாகப் பின்னர் வாய்த்தது பாதரச ஆவி விளக்கு. இதன் கதிர் சுமார் 254 நேனோமீட்டர் அலைநீளமுடையது. ஞாயிற்றின் இவ்வகைக் கதிரை ஓசோன் படலம் தடுத்துவிடுவதால் அது மண்ணை வந்தடைவதில்லை. விளக்கின் கதிர் கிருமியின் மரபுப் பொருளைச் சிதைக்கிறது. சிதைந்த கிருமியால் பெருக இயலுவதில்லை.

1936இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையில் டெரில் ஹார்ட் என்னும் மருத்துவர் அறுவை அரங்கிலேயே இவ்விளக்கை எரியவிட்டார். புண்கள் சீழ்ப்பிடிப்பது வெகுவாகக் குறைந்ததென அறிவித்தார். ஆனால் 5 மருத்துவமனைகளில் நடந்த பேராய்வு 1964இல் வெளியானபோது நம்பிக்கை தளர்ந்தது. காற்றிலுள்ள கிருமிகள் குறைந்தன. மிகத் தூய அறுவைகளில் மட்டும் பயன் தென்பட்டது. மொத்தத்தில் சீழ்ப்பிடிப்பு பெரிதும் மாறவில்லை. அதற்குள் புதிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் பெருகியிருந்தன. அம்மருந்துகளின் மீது கொண்ட அளவு கடந்த நம்பிக்கையும் விளக்கை ஒதுக்கியது என்பதே என் கருத்து. மருந்துகள் தோற்கத் தொடங்கியபின் அல்லவா விளக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது!

அதே டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012 முதல் 2014 வரை 9 மருத்துவமனைகளில் மற்றோர் ஆய்வு நடத்தினர். இம்முறை நோக்கம் காற்றன்று. காலியான அறையின் பரப்புகள். முடிவு 2017இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. வழக்கமான கிருமிநாசினியால் துடைத்து, அதன்மேல் புற ஊதாக் கதிரையும் செலுத்திய அறைகளில், அடுத்து வந்த நோயாளிகளுக்கு ஆய்வுக்குரிய கிருமிகள் தொற்றுவது ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது. வெளுப்பு நீரால் துடைத்த அறைகளிலோ, குடலைத் தாக்கும் ஒரு கிருமியைப் பொறுத்தவரை, கதிரால் கூடுதல் பயன் புலப்படவில்லை.

இவ்வொளி நேர்கோட்டிற் செல்வது. கட்டிலின் நிழலில் ஒளிந்த கிருமியை அது தீண்டாது. அழுக்குப் படிந்த இடத்திலும் அதன் ஆற்றல் குன்றும். தொலைவு கூடினாலும் குன்றும். கண்ணையும் தோலையும் ஊறுபடுத்துவதால் எரியும்போது அறையில் எவரும் இருத்தலாகாது. ஆகவே துப்புரவுப் பணியாளர் முதலில் கம்பி கம்பியாகத் துடைக்கிறார்; கருவியை உள்ளே நிறுத்திக் கதவைச் சாத்துகிறார்; வெளியே வந்த பின்னரே விளக்கு ஏற்றப்படுகிறது.