கோட்டை ஓய்ந்தபின் வளர்ந்த ஊர்: செஞ்சியின் குடியானவர் வரலாறு

செஞ்சியைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் கோட்டை மலையான ராஜகிரியின் உச்சியில் நின்றே எழுதினார்கள். 1943இல் சி. எஸ். சீனிவாசாச்சாரி வெளியிட்ட செஞ்சி வரலாறு இன்றும் இத்துறைக்கு அடிப்படை நூல். அதன் தலைப்பிலேயே அரசர்கள் இருக்கிறார்கள். மலையடியில் உழுதவர்களின் கதையை அங்கங்கே பொறுக்கித்தான் சேர்க்க வேண்டும்.

கோட்டைக்கு முன்பே இங்கு குடிகள் உண்டு. சிங்கவரத்தை அடுத்த திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்களும், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரைக் குறிக்கும் பழங்கல்வெட்டும் உள்ளன. துறவிகளுக்குச் சோறிட ஊர்கள் இல்லாமல் இப்படி ஒரு பள்ளி நிலைத்திருக்க முடியாது.

கோன்கள், விஜயநகரத்தின்கீழ் நாயக்கர்கள், பிஜப்பூர் சுல்தானியம், 1677இல் சிவாஜி, நெடிய முற்றுகைக்குப்பின் 1698இல் முகலாயர் என ஆட்சிகள் மாறின. 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் கோட்டையைப் பிடித்தனர். 1780இல் ஹைதர் அலியின் படை வந்தது. அதன்பின் செஞ்சிக்காக யாரும் போரிடவில்லை.

இத்தனை படைகளும் என்ன தின்றன, எதைக் குடித்தன என்பதே என் கேள்வி. கோட்டைக்குள் கல்யாண மகால் என்ற மாளிகைக்கு அருகே நிற்கும் நெற்களஞ்சியங்களைப் பார்த்தால் பாதி விடை கிடைக்கிறது. வளைவுக் கூரையும் தடித்த சுவரும் கொண்ட அந்தக் கட்டடங்களை நிரப்பிய நெல் சுற்றுக் கிராமங்களின் வியர்வை. மீதி விடை தண்ணீர். செட்டிகுளம், சக்கரகுளம், மலைமேல் சுனைகள். மகாலின் மேல்தளம்வரை நீரேற்றிய மண்குழாய்கள். மழை பொய்க்கும் கரட்டு நிலத்தில் கோட்டையைக் காத்தது அகழியைவிடக் குளங்கள்தான் என்பது என் முடிவு. 13 கிலோமீட்டர் மதிலை வியப்பவர்கள் அந்தக் குளக்கரையிலும் சற்று உட்கார வேண்டும்.

படை போனதும் கீழ்க்கோட்டை வெறிச்சோடியது. வேங்கடரமணர் கோயில் தூண்கள்கூடப் பெயர்க்கப்பட்டுப் புதுச்சேரிக்குப் போயின; அங்கே கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ நிற்பவை அவையே என்பது நெடுநாள் வழக்கு. ஆனால் கோட்டையோடு சேர்ந்து ஊர் சாகவில்லை. ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் தொடர்ந்தன. சங்கராபரணி, மழைக்காலத்திலாவது, ஓடியது. திருவண்ணாமலைக்கும் திண்டிவனத்துக்கும் இடையிலான சாலையில் வண்டிகள் நின்றபாடில்லை.

பெரிய மாற்றத்தை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலக்கடலை கொண்டுவந்தது. தென்னாற்காட்டுச் செம்மண் அதற்கு வாகாக அமைந்தது. புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய் நகரின் எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பல்கள் போயின. கீழ்க்கோட்டையின் கிழக்கு வாசலுக்குப் புதுச்சேரி வாசல் என்று பெயர். படையும் தூணும் போன அந்தத் திசையிலேயே குடியானவரின் விளைச்சலும் போனது. கடலைக்கு மணிலா என்றும் மல்லாட்டை என்றும் இப்பக்கத்தில் வழங்கும் பெயர்களில் முதலாவது, கடல் தாண்டி வந்த பயிரின் அடையாளம். மார்கழிக் குளிரில் வேகவைத்த மல்லாட்டையைச் சுடச்சுட உரித்துத் தின்னாத வீடு இங்கே அரிது. நெல்லும் மணிலாவும் மூட்டை மூட்டையாக வந்திறங்கும் செஞ்சியின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் அந்த மாற்றத்தின் வாரிசு.

அரசர்களில் ஒருவரை மட்டும் கிராமங்கள் தமக்கென்று எடுத்துக்கொண்டன. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து இளவயதில் மாண்ட தேஜ் சிங், கதைப்பாடலிலும் கூத்திலும் ராஜா தேசிங்கு ஆனார். அவர் ஆண்டது ஓராண்டுகூட இல்லை. பாடல் அவர் குதிரைக்கும், உயிர்த்தோழன் மோவுத்துக்காரனுக்கும் சமபங்கு தருகிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ இக்கோட்டையை மராட்டியப் படைத்தள நிலப்பரப்புகளில் ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் செஞ்சிப் பேருந்து நிலையத்தில் வழி கேட்டால், தேசிங்கு கோட்டைக்கா என்றுதான் திருப்பிக் கேட்கிறார்கள்.